பதின்மூன்று வயதுப் பையனுக்கு எந்த வகுப்புப் பாடம் வைப்பது? வீட்டில் படிக்கவைப்பவர்கள் வழி சொல்லுங்கள்

கோதையாற்றங்கரை, திருவட்டாறு
மே 6, இரவு 9.40

இதுவரை இங்கே வாசித்துக்கொண்டு மட்டுமே இருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவனுக்கு வரும் ஜூலையில் 13 வயது நிறைகிறது. மஸ்கட்டில் வளர்ந்தவன். ஐந்தாம் வகுப்பு வரை அங்கே சிபிஎஸ்இ பாடத்திட்டம், இரண்டாம் மொழி இந்தி. வீட்டுக்காரருக்கு வேலை போனதும் ஊருக்கு வந்து, இங்கே ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்தோம். தமிழ் எழுத்துகளை நான் சொல்லிக்கொடுத்திருந்தேன், அவ்வளவுதான். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொல்வார்கள், அவன் எழுத்தெழுத்தாகக் கூட்டுவான், பிள்ளைகள் சிரிப்பார்கள். ஏழாம் வகுப்பில், நவம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை, பையை மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. பள்ளி வேன் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. அன்றிலிருந்து வீட்டில்தான் படிக்கிறான்.

ஜனவரியில் இணையத்தில் ஒரு நிறுவனத்தின் வீட்டுக்கல்விப் பாடத்தொகுப்பை வாங்கினோம். அவர்களுடைய வயதுப் பட்டியலில் 13 என்றால் எட்டாம் நிலை. அதையே எடுத்தோம். மூன்றாவது வாரத்திலேயே கணக்கு நின்றுவிட்டது. விற்றவர்களிடம் கேட்டால் ஒரு நிலைத் தேர்வு எழுதச் சொன்னார்கள். ஆங்கிலம் ஒன்பதாம் நிலை, கணக்கு ஐந்தாம் நிலை என்று வந்தது. இரண்டையும் கூட்டி, வகுத்து, "உங்கள் பிள்ளைக்கு ஏழாம் நிலை பொருந்தும்" என்று பதில் அனுப்பினார்கள். தமிழை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

எட்டையே தொடர்வதா, ஏழா, இன்னும் கீழே இறங்குவதா? இளையவளுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு முடித்திருக்கிறாள். அவளோடு சேர்த்து ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் இவனையும் உட்காரவைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அவன் முகத்தைப் பார்த்ததும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

அவன் தாத்தா, நாங்கள் பாட்டா என்போம், அவரோ, "அவனுக்கா கணக்கு வராது? நம் ரப்பர் ஷீட் கணக்கு முழுவதும் அவன்தானே போடுகிறான்" என்கிறார். அதுவும் உண்மைதான். அதனால்தான் எனக்குக் குழப்பமே.


வடசேரிக்காரன், நாகர்கோவில்
மே 6, இரவு 10.25

தங்கச்சி, ஒரே வார்த்தையில் சொல்கிறேன்: இறங்காதீர்கள்.

நான் இறங்கிப் பார்த்தவன். என் மகனை 12 வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். அடித்தளம் சரியில்லை என்று சொல்லி, எல்லாப் பாடத்திலும் இரண்டு வகுப்பு கீழே போய் ஐந்தாம் வகுப்பின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஒரு பக்கம்கூட விடக்கூடாது என்று எனக்குப் பிடிவாதம். தெரிந்த கூட்டலையும் தெரிந்த பெருக்கலையும் ஆறு மாதம் போட்டான். 15 வயதில் எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்தான். பத்தாம் வகுப்புத் தேர்வை 17 வயதில் எழுதித் தேறினான், நல்ல மதிப்பெண்தான். ஆனால் அந்த மூன்று வருடமும் அவனோடு தெருவில் விளையாடிய பிள்ளைகள் மேலே போய்க்கொண்டே இருந்ததைப் பார்த்துக்கொண்டு இருந்தானே, அதை நான் திருப்பிக் கொடுக்க முடியாது.

எட்டிலேயே வையுங்கள். தெரியாததை மாலையில் தனியாகச் சொல்லிக்கொடுங்கள். காலம் நமக்காகக் காத்திருக்காது.


குளச்சல் வள்ளம், குளச்சல்
மே 7, காலை 5.50

அண்ணன் சொல்வதில் பாதியைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடிகிறது. நான் நேர் எதிர்த் தவறு செய்தவன்.

மகளுக்கு 14 வயதானதும், வயதுக்கு ஒன்பதாம் வகுப்புதானே என்று அந்தப் புத்தகங்களை வாங்கி வைத்தேன். நான் கடலுக்குப் போகிறவன், விசைப்படகுத் தொழில். நாள்கணக்கில் வீட்டில் இருக்க மாட்டேன். வந்து நோட்டைப் பார்த்தால் பக்கம் பக்கமாகக் கணக்கு, எல்லாவற்றுக்கும் சரியான விடை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜூன் முதல் தேதி தடைக்காலம் தொடங்கியது. நம் மேற்குக் கடற்கரைக்கு ஜூலை 31 வரை 61 நாள் படகு கடலுக்குப் போகாது, உங்களுக்குத் தெரியும். அந்த வருடம்தான் முதன்முறையாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நோட்டில் இருந்த ஒரு கணக்கையே எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். பென்சில் அசையவில்லை. கைடைப் பார்த்து நான்கு மாதம் அப்படியே எழுதியிருக்கிறாள். ஏமாற்ற நினைத்து எழுதவில்லை. தெரியவில்லை என்று சொல்லப் பயந்து எழுதியிருக்கிறாள்.

அக்கா, உங்கள் மகன் மூன்றாவது வாரத்தில் "முடியவில்லை" என்று நின்றானே, அதற்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். என் மகள் நிற்கவில்லை.


பழைய கணக்கு டீச்சர், தக்கலை
மே 7, காலை 11.15

அம்மா, எந்த வகுப்பு என்று இப்போது யாரும் முடிவு சொல்ல வேண்டாம். ஒன்பதையும் ஐந்தையும் கூட்டி வகுத்து ஏழு என்றார்களே, அந்த ஏழில் உங்கள் பிள்ளை எந்தப் பாடத்திலும் இல்லை. ஆங்கிலத்தில் அவனுக்கு அது சலிப்பு, கணக்கில் சுவர். ஒரு செருப்பு எட்டு அளவு, ஒரு செருப்பு ஆறு அளவு வேண்டிய காலுக்கு இரண்டும் ஏழாக வாங்கிக் கொடுத்த மாதிரி.

முதலில் பார்த்துவிடுவோம். ஒரு காலை நேரம், அவன் சாப்பிட்ட பிறகு, கீழே உள்ள ஆறையும் ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள். தேர்வு என்று சொல்லாதீர்கள். "டீச்சர் ஒருவர் கேட்கிறார், நீ எப்படிப் போடுகிறாய் என்று பார்க்க வேண்டுமாம்" என்று சொல்லுங்கள். சரி, தவறு என்று குறி போடாதீர்கள். அழி ரப்பர் கொடுக்காதீர்கள். அடித்துவிட்டு எழுதட்டும், அடித்ததையும் நான் பார்க்க வேண்டும்.

407ஐ 36ஆல் பெருக்கு.
1000இலிருந்து 368ஐக் கழி.
முக்காலோடு ஆறில் ஒன்றைக் கூட்டு. பின்னமாக எழுதிக்கொடுங்கள், சொல்லாக அல்ல.
2.5, 2.35 இவற்றில் எது பெரியது?
−5 − 3 எவ்வளவு?
நான்கு பேர் ஆறு நாளில் செய்கிற வேலையை மூன்று பேர் எத்தனை நாளில் செய்வார்கள்?

இரண்டாவது, தமிழ். பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் எல்லா வகுப்புப் புத்தகங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு, ஏழாம் வகுப்புத் தமிழிலிருந்து ஒவ்வொரு பத்தி எடுத்து, எந்த வகுப்பு என்பது தெரியாதபடி வேறு தாளில் எழுதிக்கொடுங்கள். சத்தமாக வாசிக்கட்டும். நூறு சொல்லில் எத்தனை இடத்தில் தடுக்கி நிற்கிறான் என்று விரல் விட்டு எண்ணுங்கள். ஐந்துக்குள் இருந்தால் அந்தப் பத்தியை அவன் தனியாகவே வாசிப்பான். பத்தைத் தாண்டினால் பொருள் அவனுக்குள் போகாது, முழு மனதும் எழுத்துக் கூட்டுவதிலேயே போய்விடும்.

மூன்றாவது, அதே ஏழாம் வகுப்புப் பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். இது மிக முக்கியம், விட்டுவிடாதீர்கள்.


கோதையாற்றங்கரை, திருவட்டாறு
மே 10, மாலை 4.30

டீச்சர், நீங்கள் சொன்னபடியே செய்தேன். அவன் எழுதியதை அப்படியே சொல்கிறேன்.

பெருக்கல் 14652, சரி. கழித்தல் 632, அதுவும் சரி, மனதிலேயே போட்டான். முக்காலும் ஆறில் ஒன்றும் சேர்ந்து பத்தில் நான்கு என்று எழுதினான். மேலே இருப்பவற்றைக் கூட்டி மேலே, கீழே இருப்பவற்றைக் கூட்டிக் கீழே. எழுதிவிட்டு அந்தக் கோட்டின் மேல் பேனாவால் இரண்டு முறை, மூன்று முறை தடவிக்கொண்டே இருந்தான். கோடு தடித்துவிட்டது. 2.35தான் பெரியது என்றான், 35 ஐந்தைவிடப் பெரியதாம். −5 − 3க்கு −2.

கடைசிக் கணக்கை நான் வாசித்து முடிக்கும் முன்பே "எட்டு நாள்" என்றான். எப்படி என்று கேட்டேன். "ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட ஒரு ஆள் வராவிட்டால் மற்றவர்களுக்கு மரம் கூடுமே அம்மா. நாலு பேர், ஆறு நாள் என்றால் மொத்தம் 24 ஆள் வேலை. அதை மூணு பேர் பங்கு போட வேண்டும்" என்றான். காகிதத்தைத் தொடவே இல்லை.

தமிழில் மூன்றாம் வகுப்புப் பத்தியில் நான்கு தடுக்கல். ஐந்தாம் வகுப்பில் பதினொன்று. ஏழாம் வகுப்பில் பாதியிலேயே நான் நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஆனால் அதையே நான் வாசித்துக் காட்டியபோது முழுவதும் புரிந்து, என்னிடமே திருப்பிக் கேள்வி கேட்டான்.


பழைய கணக்கு டீச்சர், தக்கலை
மே 10, இரவு 8.05

உங்கள் பிள்ளையை நினைத்து எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது அம்மா. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அந்தக் கடைசிக் கணக்கு எதிர் விகிதம். ஏழாம் வகுப்பு முதல் பருவக் கணக்குப் புத்தகத்தில் வருவது. பாடம் படிக்காமலே தோட்டத்தில் கற்றுக்கொண்டுவிட்டான். ஆகவே "கணக்கில் ஐந்தாம் நிலை" என்று சொன்னது பொய். அவனுக்கு இல்லாதவை மூன்றே மூன்று: பின்னம், தசமம், குறை எண்கள். இவை மூன்றும் பள்ளியில் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறவை. பின்னமும் முழுக்களும், அதாவது குறை எண்களும் சேர்ந்த முழு எண்களும், ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவத்தில். முழுக்களின் கூட்டல் கழித்தல் ஏழாம் வகுப்பு முதல் பருவத்தில். தசமம் ஏழாம் வகுப்பில் அதன் பிறகு. ஊர் மாறி, பாடத்திட்டம் மாறி, வகுப்பில் பயந்து உட்கார்ந்திருந்த காலமும் இதுவேதான். பிள்ளை அப்போது வகுப்பில் இருந்தான், பாடத்தில் இல்லை.

எட்டாம் வகுப்புக் கணக்கு மூன்றாவது வாரத்தில் ஏன் நின்றது என்று இப்போது தெரிகிறதா? எட்டாம் வகுப்பின் தொடக்கமே விகிதமுறு எண்கள். பின்னமும் குறை எண்ணும் கைகோத்து வரும் இடம் அது. இரண்டும் தெரியாதவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் வேறு என்ன நடக்கும்?

இனி நம் வடசேரித் தம்பிக்கு. தம்பி, உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. நீங்கள் இறங்கியது தவறில்லை. முழு வகுப்பாக இறங்கியதுதான் தவறு. ஆறாம் வகுப்பின் ஒரு பாடத்தைப் பதினோரு வயதுப் பிள்ளை ஐந்து வாரம் படிக்கும். பதின்மூன்று வயதுப் பிள்ளை, அதுவும் தனியாக ஒருவர் பக்கத்தில் இருந்தால், இரண்டு வாரத்தில் முடித்துவிடும். மூளை அதற்குள் வளர்ந்திருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்குக் கீழே இறங்குவது என்பது ஓட்டையை அடைத்துவிட்டு மேலே ஏறி வருவதற்குத்தான், குடியிருக்க அல்ல.

ஆகவே அம்மா, இப்படி வையுங்கள். கணக்கில் ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவப் புத்தகத்தில் பின்னமும் முழுக்களும் மட்டும், மற்ற பாடங்களைத் தொடவே வேண்டாம். பிறகு ஏழாம் வகுப்பின் முழுக்கள், தசமம், சதவீதம். இவற்றுக்கு ஆகஸ்ட் முடிய நேரம் கொடுங்கள். அதன்பின் எட்டாம் வகுப்பை முதல் பக்கத்திலிருந்து தொடங்கலாம். ஆங்கிலத்தில் எட்டோ ஒன்பதோ அவன் இஷ்டம். அறிவியலும் சமூக அறிவியலும் எட்டாம் வகுப்புதான், இப்போதே. வரலாற்றில் ஆறாம் வகுப்பை விட்டதால் எட்டாம் வகுப்பு புரியாமல் போவதில்லை. வாசிக்க முடியாவிட்டால் நீங்கள் வாசியுங்கள், அல்லது ஆங்கிலவழிப் புத்தகத்தை எடுங்கள். அவனுடைய வாசிப்புதான் மூன்றாம் வகுப்பில் இருக்கிறது, அறிவு அங்கே இல்லை. மூன்றாவது சோதனையை விட வேண்டாம் என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

பின்னத்தைப் புத்தகத்திலிருந்து தொடங்காதீர்கள். பாட்டா இருக்கிறார் அல்லவா, அவரிடம் விடுங்கள். கால், அரை, முக்கால், அரைக்கால், மாகாணி எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும்.


மாடியில் படித்தவள், கருங்கல்
மே 11, காலை 7.20

நான் பெற்றோர் இல்லை. 12 வயதிலிருந்து வீட்டில் படித்தவள். இப்போது 20 வயது, நர்சிங் படிக்கிறேன். பிள்ளையின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா?

எனக்கும் தமிழ் வாசிப்பு பின்தங்கித்தான் இருந்தது, பள்ளியில் எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்பதை நான்கு வருடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அம்மா மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வாங்கிவந்தார்கள். அட்டையில் "மூன்றாம் வகுப்பு" என்று பெரிதாக இருக்கும். நான் அதற்குக் காலண்டர் தாளில் அட்டை போட்டேன். அது போதாமல் விருந்தினர் வந்தால் புத்தகத்தையே பாய்க்குள் சுருட்டி வைப்பேன். ஒருநாள் சித்தி மகள் பாயை விரித்துவிட்டாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. "அக்கா, இது என் புத்தகம்" என்றாள். நான் அழுத அழுகை இன்றும் அம்மாவுக்கு நினைவிருக்கிறது.

அதன்பின் அம்மா அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுக்கவே இல்லை. நாளிதழின் விளையாட்டுப் பக்கம் வந்தது. கல்யாண அழைப்பிதழ்கள், பல்பொருள் அங்காடியின் விலைத் துண்டறிக்கை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள். மார்த்தாண்டம் பஸ் நிலையத்தில் வேண்டுமென்றே முன்னதாகப் போய் உட்காருவோம். பெயர்ப்பலகை தெரிந்த உடனே நான் வாசித்துச் சொல்ல வேண்டும்: அருமனை, பேச்சிப்பாறை, களியக்காவிளை, தேங்காய்ப்பட்டணம். களியக்காவிளையைக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் திரும்பிவிடும். அடுத்த வாரம் அது திரும்பும் முன்பே சொல்லிவிட்டேன்.

எழுத்து எளிதாக இருக்கட்டும். விஷயம் குழந்தைத்தனமாக இருக்க வேண்டாம். தங்கையோடு ஒரே தமிழ்ப் பாடத்தில் அவனை உட்காரவைக்காதீர்கள் அக்கா, தயவுசெய்து.


குளச்சல் வள்ளம், குளச்சல்
மே 11, மதியம் 1.10

தங்கச்சி எழுதியதை என் மகளிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் கைடை அப்படித்தான் ஒளித்து வைத்தேன் அப்பா" என்றாள்.


கோதையாற்றங்கரை, திருவட்டாறு
மே 12, இரவு 9.00

எல்லோருக்கும் நன்றி. டீச்சர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

இன்னும் ஒரு பயம் இருக்கிறது. இப்படி ஒவ்வொரு பாடம் ஒவ்வொரு வகுப்பில் இருந்தால் கடைசியில் எந்தத் தேர்வை எழுதுவான்? சான்றிதழ் வேண்டாமா? அவன் அப்பா தினமும் கேட்கிற கேள்வி இதுதான்.


மட்டிப்பழம், குலசேகரம்
மே 13, காலை 9.45

என் இரண்டு பிள்ளைகளும் இந்த வழியில் போனவர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், என்ஐஓஎஸ் என்பார்கள். மத்திய அரசு 1989இல் தொடங்கியது. அதில் பத்தாம் வகுப்புக்கு ஈடான தேர்வு எழுத 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடம் எடுத்தால் போதும், தமிழ்வழியிலும் எழுதலாம். தேறுவதற்கு 33 விழுக்காடு. வருடத்தில் இரண்டு முறை பொதுத்தேர்வு நடக்கும், ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது முறை எழுத வாய்ப்பு. ஐந்தையும் ஒரே நேரத்தில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஆங்கிலம் தயாராக இருந்தால் அதை முதலில் முடித்துவிடலாம், கணக்கைப் பிறகு எழுதலாம். பாடத்துக்குப் பாடம் நிலை வேறாக இருக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

கணக்கு எடுக்காமலும் அதில் பத்தாம் வகுப்பு முடிக்கலாம். ஆனால் அதைச் செய்யாதீர்கள். பின்னால் பாலிடெக்னிக், பதினொன்றில் அறிவியல் பிரிவு எல்லாவற்றுக்கும் கதவு அடைபடும். மகன் ஷீட் கணக்கு போடுகிறவன் வேறு.

மாநில அரசின் வழியும் இருக்கிறது. பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. கையில் ஒரு சான்று வேண்டும், தேர்வு அறையில் உட்கார்ந்து பழக வேண்டும் என்றால் நல்லது. தமிழ்த் தாள் எழுத வேண்டியிருக்கும் என்பதால் அவனுக்கு இந்த வருடமே வேண்டாம்.

திரும்பப் பள்ளிக்குப் போக அவனே ஆசைப்பட்டால் அதற்கும் வழி உண்டு. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, பள்ளியை விட்டு நின்ற பிள்ளையை வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும், சமமாக வருவதற்குத் தனிப்பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறது. பழைய பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை.

அவன் அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: அடுத்த வருடம் ஜூலையில் 14 நிறைகிறது. அதன்பின் பதிவு செய்து, அதற்கடுத்த ஏப்ரலில் எழுதினால்கூட இன்றிலிருந்து ஏறக்குறைய இரண்டு வருடம் கையில் இருக்கிறது. பள்ளியில் போயிருந்தாலும் அதற்கும் ஒரு வருடம் கழித்துத்தான் பத்தாம் வகுப்பு எழுதியிருப்பான்.


வடசேரிக்காரன், நாகர்கோவில்
மே 13, இரவு 8.30

டீச்சர் சொன்னதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். முழு வகுப்பாக இறங்கியதுதான் தவறு என்றீர்கள். சரிதான். எந்த ஓட்டை என்று தேடிப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. முதல் பக்கத்திலிருந்து தொடங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது, அவனுக்கு அல்ல.

தங்கச்சி, தமிழைப் பற்றி ஒன்று. பத்தாம் வகுப்பில் அவன் தமிழை ஒரு பாடமாக எடுக்கட்டும். மாநில அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். அதில் 40 விழுக்காடு வாங்கினால்தான் மற்ற தாளைத் திருத்தவே எடுப்பார்கள். இன்று வாசிப்பு மூன்றாம் வகுப்பில் இருக்கிறது என்பதற்காகத் தமிழையே விட்டுவிட வேண்டாம்.


கோதையாற்றங்கரை, திருவட்டாறு
மே 29, இரவு 9.15

டீச்சர், இதை உங்களுக்குச் சொல்லாமல் தூங்க முடியாது.

பின்னத்தைப் பாட்டாவிடம் விட்டேன். முதல் நாள் ஷீட் காயப்போட்டிருந்த கம்பியின் கீழே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டா ஒரு ஏத்தம்பழத்தை எடுத்து இரண்டாக வெட்டினார், "அரை" என்றார். அதை இரண்டாக வெட்டினார், "கால்". அதை மறுபடி இரண்டாக வெட்டி, "இது என்ன?" என்றார். இவனுக்குத் தெரியவில்லை. "அரைக்கால்" என்றார் பாட்டா.

இவன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். அரைக்கால், அரைக்கால். பிறகு நிமிர்ந்து, "காலில் அரையா? அப்படியென்றால் அரையையும் காலையும் பெருக்கினால் எட்டில் ஒன்றா? பெயரிலேயே கணக்கு இருக்கிறதே!" என்றான். உள்ளே ஓடிவந்து நோட்டில் எழுதினான். மேலே ஒன்றும் ஒன்றும், கீழே இரண்டும் நான்கும், விடை எட்டில் ஒன்று. அன்று இரவு மாகாணிக்கும் அவனே விடை கண்டுபிடித்துவிட்டான், பதினாறில் ஒன்று.

கூட்டல் இன்னும் தடுமாறுகிறது. ஆனால் முக்காலோடு ஆறில் ஒன்றை நேற்று மறுபடி கொடுத்தேன். பத்தில் நான்கு என்று எழுதிவிட்டு, "இது அரையைவிடக் குறைவு அம்மா, முக்காலோடு ஒன்றைச் சேர்த்தால் எப்படிக் குறையும்?" என்று அவனே அடித்தான். அதன்பின் இரண்டையும் பன்னிரண்டாக மாற்ற அரை மணி நேரம் எடுத்துக்கொண்டான். பன்னிரண்டில் பதினொன்று. நான் வாயே திறக்கவில்லை.


பழைய கணக்கு டீச்சர், தக்கலை
மே 29, இரவு 9.50

தானாகவே அடித்தானே அம்மா, அது போதும். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.


கோதையாற்றங்கரை, திருவட்டாறு
செப்டம்பர் 14, மாலை 6.20

பலர் தனிச்செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன்.

பின்னம், முழுக்கள், தசமம் ஆகஸ்ட் இருபதாம் தேதியோடு முடிந்தன. சதவீதத்துக்கு ஷீட் உதவியது. எவ்வளவு பால் ஊற்றினோம், காய்ந்தபின் ஷீட் எவ்வளவு எடை என்று தினமும் எழுதிவைக்கிறான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நிற்கிறது, மழை பெய்த மறுநாள் அதற்கும் கீழே. அதைச் சதவீதமாக மாற்றி வரைபடம் போட்டு அடுக்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறான். எட்டாம் வகுப்புக் கணக்கு தொடங்கி மூன்று வாரம். ஜனவரியில் நின்ற இடத்தைப் போன வெள்ளிக்கிழமை தாண்டினான்.

அறிவியலும் சமூக அறிவியலும் எட்டாம் வகுப்பு, நான் வாசிக்கிறேன். இளையவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவள் கேட்கிற கேள்விக்கு இவன் பதில் சொல்கிறான்.

தமிழில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஐந்தாம் வகுப்புப் பத்தியில் தடுக்கல் ஆறாகக் குறைந்திருக்கிறது. ழகரமும் ளகரமும் எழுதும்போது இன்னும் இடம் மாறுகின்றன. கருங்கல் தங்கச்சி சொன்னபடி நாளிதழில் தொடங்கினோம், தினமும் ரப்பர் விலையை அவன்தான் பாட்டாவுக்கு வாசித்துச் சொல்ல வேண்டும். பாட்டாவுக்குக் கண்ணாடி போட்டால் நன்றாகவே தெரியும். கண்ணாடியைத் தேடுவதில்லை.

போன மாதம் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போயிருந்தோம். 115 அடி உயரம் என்று யாரோ சொன்னார்கள். "அளக்காமல் எப்படித் தெரியும்?" என்று ஆரம்பித்தான். டீச்சர், நிழலை வைத்து உயரம் கண்டுபிடிப்பது எந்த வகுப்பில் வருகிறது? கீழே பறளியாற்றுப் பக்கம் இறங்கித் தூணின் நிழலை அளக்க வேண்டுமாம், ஒரு குச்சியும் அளவு நாடாவும் எடுத்துவைத்துவிட்டான். அந்தப் பாடத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லி நிறுத்துவதா, அப்படியே விட்டுவிடுவதா?


பழைய கணக்கு டீச்சர், தக்கலை
செப்டம்பர் 14, இரவு 7.05

வடிவொத்த முக்கோணங்கள் அம்மா. அவன் இப்போதிருக்கும் பாடத்துக்கு நிறைய மேலே. விட்டுவிடுங்கள். வெயில் சாய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போகச் சொல்லுங்கள், நடுப்பகலில் நிழல் தூணின் காலடியிலேயே கிடக்கும், அளக்க வராது. குச்சியின் நிழலையும் தூணின் நிழலையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும், இளையவளையும் கூட்டிப்போங்கள்.